மருந்து நூலைத் திருத்திய மேதை லி ஷிசென்

சென்னையில் நாட்டு மருந்துக் கடை எதிலேனும் பறங்கிப்பட்டை என்று கேட்டால், கட்டை போன்ற சில துண்டுகளை எடை போட்டுக் காகிதத்தில் மடித்துத் தருவார்கள். கோட்டூர்புரத்தில் பறக்கும் ரயில் ஏறினால் மூன்றாவது நிலையம் திருமயிலை. அங்கே இறங்கிச் சிறிது தூரம் நடந்தால் இத்தகைய கடைகளைக் காணலாம். ஆண்டுக்கணக்கில் ஆறாத கரப்பான், செதில் செதிலாக உதிரும் காளாஞ்சகப் படை, மேகப்புண் முதலிய தோல் நோய்களுக்குச் சித்த மருத்துவர்கள் இச்சரக்கைச் சுத்தி செய்து, சூரணமாகவும் இரசாயனமாகவும் கொடுத்து வருகின்றனர். காளாஞ்சகப் படையைத்தான் இன்று நாம் சொரியாசிஸ் என்கிறோம்.

இச்சரக்கின் பெயரைச் சற்றே நின்று நோக்கினால் வியப்பு உண்டாகும். பட்டை என்கிறோம், அது பட்டை அன்று, ஒரு கொடியின் கிழங்கு. பறங்கி என்கிறோம், அது பறங்கியர் நாட்டில் விளைந்ததும் அன்று. பறங்கியர் கப்பல் வழியாக வந்ததாலோ, பறங்கி நோய் எனப்பட்ட கொடிய மேகநோய்க்கு மருந்தானதாலோ இப்பெயர் அமைந்தது. உண்மையில் அது சீனத்துச் சரக்கு. ஐரோப்பியர் அதனைச் சீன வேர் என்றே அழைத்தனர். கோவாவில் வாழ்ந்த போர்ச்சுக்கீசிய மருத்துவர் கார்சியா த ஓர்ட்டா 1563-ஆம் ஆண்டில் அங்கேயே அச்சிட்ட தம் மருந்து நூலில் இவ்வேரைப் பற்றித் தனியே ஓர் உரையாடல் எழுதியிருக்கிறார்.

அதே காலத்தில், சீனத்தின் உள்நாட்டு ஊரொன்றில், இக்கிழங்கின் உறவுக் கொடியைப் பற்றியும் அது ஆற்ற வந்த புண்ணைப் பற்றியும் ஒரு மருத்துவர் எழுதிக்கொண்டிருந்தார். அவரே லி ஷிசென். போகர் சீனம் சென்று வந்தவர் என்னும் மரபை உடையது நம் தமிழகம். அந்தச் சீனத்தின் மருந்து நூல்களையெல்லாம் ஒரே மனிதராக அமர்ந்து ஆராய்ந்து திருத்திய இப்பெரியாரின் வாழ்க்கையை மாணவ நண்பர்கள் அறிந்துகொள்வது பயனுடையதாகும்.

மணி அடித்த பாட்டனாரும் ஏடு எழுதிய தந்தையும்

லி ஷிசென் 1518-ஆம் ஆண்டில் சிசௌ என்னும் ஊரில் பிறந்தார். யாங்சி ஆற்றங்கரையை அடுத்த அவ்வூர் இன்றைய ஹூபெய் மாநிலத்தில் உள்ளது. அப்போது சீனத்தை மிங் அரச மரபினர் ஆண்டு வந்தனர். அவருடைய பாட்டனார் கையில் மணியைக் குலுக்கிக்கொண்டு தெருத்தெருவாகச் சென்று வைத்தியம் பார்த்தவர். தந்தை லி யான்வென் ஒரு படி உயர்ந்து, ஊரில் பெயர் பெற்ற மருத்துவரானார். சில மருந்து நூல்களும் எழுதினார். அவ்வூரில் செழித்து வளரும், நம் மாசிபத்திரிக்கு இனமான ஒரு மூலிகையைப் பற்றி அவர் தனி நூலே எழுதியவர்.

ஆயினும் வைத்தியர் தொழிலுக்கு அந்நாளைய சீனச் சமுதாயத்தில் பெருமதிப்பு இல்லை. அரசுத் தேர்வில் வென்று அதிகாரியாக அமர்ந்தவருக்கே மதிப்பு. ஆகவே தம் மகன் மருந்துப் பையைத் தூக்கக் கூடாது, அரசு முத்திரையைப் பிடிக்க வேண்டும் என்று தந்தை விரும்பினார். பிள்ளை படித்து முன்னேறித் தம்மைப் போலத் துன்பப்படாமல் இருக்க வேண்டும் என எண்ணும் தந்தையர் நம் நாட்டிலும் எத்தனையோ பேர் இருக்கின்றனர் அல்லவா?

மூன்று தோல்விகள்

மகனும் முயன்றார். பதினான்காம் வயதிலேயே முதற்படித் தேர்வில் வென்றார். அடுத்த படியான மாகாணத் தேர்வுக்கு ஊச்சாங் நகரம் சென்றார், தோற்றார். மூன்று ஆண்டுகள் கழித்து மீண்டும் சென்றார், மீண்டும் தோற்றார். மூன்றாம் முறையும் அதே முடிவுதான்.

இதற்கிடையில் இருபதாம் வயதில் அவருக்குக் கடும் இருமல் கண்டது. காய்ச்சல் நீங்கவில்லை, தோல் நெருப்பாகக் கொதித்தது, நாள்தோறும் கிண்ணம் கிண்ணமாகச் சளி வந்தது. பலவகை மருந்துகள் கொடுத்தும் பயனில்லை. சுற்றத்தார் நம்பிக்கை இழந்த நிலையில், தந்தை பழைய நூலொன்றை நினைவுகூர்ந்து ஒரே ஒரு வேரைக் கொதிக்க வைத்துக் கொடுத்தார். அது ஹுவாங்சின் என்னும் மூலிகையின் வேர். மறுநாளே காய்ச்சல் தணிந்தது. இருமலும் நாளடைவில் நின்றது. இந்நிகழ்ச்சியைப் பிற்காலத்தில் தம் நூலில் அம்மூலிகையைப் பற்றிக் கூறும் இடத்தில் அவரே எழுதி வைத்திருக்கிறார்.

மூன்றாம் தோல்விக்குப் பின்னர் அவர் தந்தையிடம் சென்று, இனித் தேர்வு வேண்டா, மருத்துவமே போதும் என்றார். தந்தை இசைந்தார். தேர்வில் தோற்றவர் எல்லாம் வாழ்விலும் தோற்றவர் ஆகிவிடுவதில்லை என்பதற்கு இவருடைய வரலாறு ஒரு சான்று. அன்று அத்தேர்வில் வென்றவர்களின் பெயர்களை இன்று யார் அறிவார்?

அரண்மனையில் ஓராண்டு

மருத்துவராகச் சில ஆண்டுகளிலேயே அவர் புகழ் பரவியது. சூ நாட்டு இளவரசரின் மகனை நோயிலிருந்து காத்தமையால் அவ்விளவரசரின் அரண்மனையில் இடம் கிடைத்தது. அங்கிருந்து தலைநகரான பெய்ஜிங்கின் அரச மருத்துவக் கழகத்திற்கு அனுப்பப்பட்டார். பிறர் கண்ணால் காணவும் இயலாத அரிய ஏடுகளும், நாட்டின் எல்லா மூலைகளிலிருந்தும் வந்து குவிந்த சரக்குகளும் அங்கே இருந்தன.

ஆனால் அங்கே வேறொன்றும் இருந்தது. அப்போது ஆண்ட ஜியாஜிங் பேரரசர் சாகா மருந்தில் பித்துக் கொண்டவர். இரசமும் பிற உலோகங்களும் கலந்த மாத்திரைகளைத் துறவிகள் செய்து கொடுக்க, அவர் விரும்பி உண்டு வந்தார். 1567-ஆம் ஆண்டில் அவர் இறந்தமைக்கு அம்மாத்திரைகளே காரணம் என்று வரலாற்றாசிரியர் பலர் கருதுவர். மன்னன் விரும்பும் மருந்தை நஞ்சு என்று சொல்லும் துணிவு அரண்மனையில் யாருக்கு வரும்? லி ஷிசென் ஏறத்தாழ ஓராண்டுக் காலமே அங்கிருந்தார். பின்பு பதவியைத் துறந்து ஊர் திரும்பினார். பிற்காலத்தில் தம் நூலில் இரசத்தைப் பற்றி எழுதுகையில், நீண்ட ஆயுள் தேடி அதனை உண்டு உயிரையும் உறுப்பையும் இழந்தோர் எண்ணற்றோர் என்று சாடினார். சாகா மருந்து விற்பவர்களைக் காட்டிலும், அவர்கள் சொன்னதை அப்படியே பெயர்த்தெழுதிய மருந்து நூலாசிரியர்கள் மீதுதான் அவருக்குச் சினம் மிகுதி.

நூலில் பிழை, நோயாளிக்குத் தண்டனை

இங்கேதான் அவர் வாழ்வின் மையத்தைக் காண்கிறோம். வைத்தியர் நேர்மையானவர், நோயாளியும் பத்தியம் காக்கிறார், மருந்து மட்டும் கேடு செய்கிறது. காரணம் என்ன? ஏட்டில் உள்ள பெயர் ஒன்று, கடையில் கொடுத்த வேர் வேறொன்று. ஒரே கிழங்கு இரண்டு பெயர்களில் இரண்டு மருந்துகளாக எழுதப்பட்டிருந்தது. வேறு வேறான இரண்டு செடிகள் ஒரே பெயரில் கிடந்தன. தியன்நான்ஷிங் என்றும் ஹூஜாங் என்றும் முன்னோர் பிரித்து எழுதியது ஒரே கிழங்குதான் என்று அவர் காட்டினார். நூலாசிரியர் கைதவறினால் அதற்கு உடம்பால் விலை கொடுப்பவர் நோயாளியே என்பதை அவர் உணர்ந்தார்.

1552-ஆம் ஆண்டில், முப்பத்து நான்காம் வயதில் திருத்தும் பணியைத் தொடங்கினார். எண்ணூறுக்கும் மேற்பட்ட நூல்களைப் படித்தார். ஏடு மட்டும் போதாது என்று கண்டு மலையிலும் ஆற்றங்கரையிலும் அலைந்தார். உழவர், மீனவர், வேடர், விறகுவெட்டி என எல்லோரையும் கேட்டறிந்தார். பாங் சியன் என்னும் மாணவரும் தம் மக்களும் துணை நின்றனர்.

அவர் கேட்டதை அப்படியே நம்பியவர் அல்லர். எறும்புதின்னி எறும்புகளையே தின்று வாழ்கிறது என்று பழைய நூல் கூறியது. அவர் ஒன்றன் இரைப்பையை அறுத்துப் பார்த்தார். உள்ளே ஒரு படி அளவுக்கு எறும்புகள் இருந்தன. நாம் ஊமத்தை என அழைக்கும் செடியின் இனத்துப் பூவை மதுவில் இட்டுக் குடித்தால் சிரிப்பும் கூத்தும் உண்டாகும் என்றனர். அதையும் அவர் சோதித்துப் பார்த்துக் குறித்து வைத்தார். புண்ணை அறுக்கும்போது வலி தெரியாதிருக்க அப்பூ உதவும் என்பதையும் எழுதினார்.

இவ்வாறு இருபத்தேழு ஆண்டுகள் கழிந்தன. மும்முறை திருத்தி எழுதி, 1578-ஆம் ஆண்டில் நூலை முடித்தார். பென்சாவ் காங்மூ என்பது அதன் பெயர். 52 தொகுதிகள், 1,892 மருந்துப் பொருள்கள், 11,096 மருந்து முறைகள். இவற்றுள் 374 பொருள்கள் அவர் புதிதாகச் சேர்த்தவை. முன்னோர் மருந்துகளை மேல், இடை, கடை எனத் தரம் பிரித்தனர். அவரோ நீர், தீ, மண், உலோகம் எனத் தொடங்கிப் புல்பூண்டு, மரம், பூச்சி, மீன், பறவை, விலங்கு வழியாக மனிதன் வரையில் 16 பிரிவுகளாக இயற்கை முறையில் அடுக்கினார்.

தோல் நோயும் சீனக் கிழங்கும்

இனி நம் பறங்கிப்பட்டைக்கு வருவோம். லி ஷிசென் பிறப்பதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்னர்ச் சீனத்தில் ஒரு புதிய நோய் பரவியது. உடலெங்கும் புண்கள் தோன்றி அழுகும். பழைய நூல்கள் எதிலும் இந்நோய் கூறப்படவில்லை, அண்மையில் தென் சீனக் கடற்புறத்தில் தோன்றி நாடெங்கும் பரவியது என்று அவர் தெளிவாக எழுதினார். அதுவே இன்று சிபிலிஸ் எனப்படும் மேகநோய். அதே நூற்றாண்டில் நம் நாட்டில் பாவமிச்ரர் எழுதிய பாவப்பிரகாசம் என்னும் வடமொழி நூல் அதனைப் பிரங்க ரோகம் என்று கூறிச் சீனத்து வேரை மருந்தாகச் சொல்கிறது.

சீன வைத்தியர்கள் முதலில் இந்நோய்க்கு இரச பாஷாணங்களையே கொடுத்தனர். புண் விரைவில் வறண்டது, நோயாளி மகிழ்ந்தார். ஆனால் இரசத்தின் நஞ்சு எலும்பிலும் நரம்பிலும் தங்கி, கைகால்கள் முடங்கிப் போயின. நோய் போனாலும் போகாவிட்டாலும் மனிதன் வாழ்நாள் முழுவதும் முடமானான். இந்நிலையில்தான் து ஃபூ லிங் என்னும் காட்டுக் கொடியின் கிழங்கு பெரிதும் பயன்பட்டது என்கிறார் லி ஷிசென். அதனை உண்ணும் முறையையும், தேநீர், மது, இறைச்சி முதலியவற்றை விலக்கும் பத்தியத்தையும் அவர் குறித்தார். து ஃபூ லிங் தாவரவியலார் ஸ்மைலாக்ஸ் கிளாப்ரா என்பது. நம் பறங்கிப்பட்டை ஸ்மைலாக்ஸ் சைனா. இரண்டும் ஒரே பேரினத்துக் கொடிகள். வணிகத்தில் இவை ஒரே பெயரில் விற்கப்பட்டதும் உண்டு. ஐரோப்பாவிலும் இவ்வேரின் புகழ் பரவியது. உடற்கூற்றியல் மேதை வெசாலியஸ் 1546-ஆம் ஆண்டில் அதனைப் பற்றி ஒரு கடித நூலே வெளியிட்டார்.

தொழுநோய்க்குச் சீனர் பயன்படுத்திய தாஃபெங்சி விதையும் இங்கே கூறத்தக்கது. அது நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் விளையும் நீரடிமுத்தின் உடன்பிறப்பு. அந்த விதையின் எண்ணெயை மேலே பூசினால் நற்பயன் உண்டு, ஆனால் மிகுதியாக உட்கொள்ளலாகாது என்று லி ஷிசென் எச்சரித்தார். 1940-களில் சல்போன் மருந்துகள் வரும்வரையில் உலகெங்கும் தொழுநோயாளிகளுக்கு இருந்த பெரிய நம்பிக்கை இவ்வகை எண்ணெயே.

அவரும் அறியாதவை

பெரியோர் என்பதற்காகக் குறைகளை மறைத்துப் புகழ்வது அவருக்கே உகந்ததன்று. அவர் தம் முன்னோரை அவ்வாறு புகழவில்லை. அழுகிய புல்லிலிருந்து மின்மினி பிறக்கும் என்னும் பழைய நம்பிக்கையை அவரும் விட்டுவிடவில்லை. அவர் போற்றிய கிழங்கும் மேகநோயை உண்மையில் நீக்கவில்லை. அந்நோயின் புண்கள் சில காலம் தாமே ஆறி மறைந்து, பின்னர் உள்ளுறுப்புகளைத் தாக்கும் இயல்புடையவை. தானே ஆறிய புண்ணின் பெருமை கிழங்குக்குப் போயிற்று. அந்நோய்க்கு உண்மையான மருந்து பென்சிலின் என்பது 1943-ஆம் ஆண்டில்தான் நிறுவப்பட்டது. ஆனாலும் நஞ்சூட்டும் இரசத்தைக் கைவிட்டுத் தீங்கு குறைந்த கிழங்கை நாடியவர்கள் கைகால் முடங்காமல் தப்பினர். மருந்தைப் பற்றி நோய் ஆறியதா என்று மட்டும் கேளாமல், ஆற்றுவதற்கு அது என்ன விலை கேட்கிறது என்றும் கேட்டாரே, அக்கேள்வி இன்றும் வாழ்கிறது.

அச்சுக்குக் காத்திருந்த நூல்

நூல் முடிந்தும் அச்சிடுவார் இல்லை. அத்தனை பெரிய நூலுக்கு மரப்பலகைகள் செதுக்குவதென்றால் பெரும்பொருள் வேண்டும். 1580-ஆம் ஆண்டில் முதியவர் லி ஷிசென் கையெழுத்துப் படியுடன் பயணம் செய்து, பெயராலும் தம்மை ஒத்த வாங் ஷிசென் என்னும் புகழ்பெற்ற அறிஞரைக் கண்டு முன்னுரை வேண்டினார். முன்னுரை கைக்கு வந்தது 1590-இல். பத்து ஆண்டுகள் கழித்து! நான்ஜிங் நகரத்துப் பதிப்பாளர் ஹூ செங்லோங் அச்சுப் பணியை மேற்கொண்டார். 1593-ஆம் ஆண்டில் லி ஷிசென் காலமானார். 1596-இல் நூல் வெளிவந்தது. மகன் லி ஜியன்யுவான் ஒரு படியைப் பேரரசருக்குக் காணிக்கையாக்கினார். அரசவை அதனைப் பெற்று வைத்துக்கொண்டதோடு நிறுத்திக்கொண்டது.

அரசு மறந்தாலும் உலகம் மறக்கவில்லை. 1607-ஆம் ஆண்டிலேயே அது ஜப்பானை அடைந்தது. 1735-இல் அதன் சில பகுதிகள் பிரெஞ்சு மொழியில் வந்தன. 2011-இல் யுனெஸ்கோ நிறுவனம் அதனை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்துப் பெருமைப்படுத்தியது.

நமக்கு அவர் விட்டுச் சென்றது

நாட்பட்ட தோல் நோய் உயிரை உடனே பறிப்பதில்லை. அது மனிதனின் உறக்கத்தையும் தன்மானத்தையும் பறிக்கிறது. அரைக்கைச் சட்டை அணியத் தயங்கும் மாணவரும், பெண் பார்க்க வருவோர் கண்ணில் படாமல் கையை மறைக்கும் பெண்ணும் நம்மிடையே உள்ளனர். இத்தகையோர் யார் எதைச் சொன்னாலும் நம்புவர். அவர்களை ஏமாற்றுவது எளிது.

லண்டனில் சீன மூலிகைத் தேநீர் கரப்பான் நோய்க்குக் கொடுக்கப்பட்டுப் புகழ் பெற்றது. 10 மூலிகைகள் சேர்ந்த கஷாயம் குழந்தைகளுக்கு நலம் செய்ததாக 1992-இல் ஓர் ஆய்வு கூறிற்று. பின்னர் ஹாங்காங்கில் நடந்த ஆய்வு அப்பயனை உறுதி செய்யவில்லை. சிலருக்குக் கல்லீரல் பாதிப்பும் ஏற்பட்டது. 1999-இல் லண்டனில் மூலிகைக் களிம்பு என்று கொடுக்கப்பட்ட 11 களிம்புகளைச் சோதித்தபோது, 8-இல் டெக்சாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டு மருந்து கலந்திருந்தது. அதற்கு முன்பு 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில், உடல் இளைக்கக் கொடுத்த சீன மருந்தில் ஒரு வேருக்குப் பதிலாகப் பெயர் ஒத்த வேறொரு வேர் சேர்ந்துவிட்டது. நூறுக்கும் மேற்பட்ட பெண்களின் சிறுநீரகங்கள் கெட்டன. அந்த வேர் அரிஸ்டோலோக்கியா பேரினத்தைச் சேர்ந்தது. நம் ஆடுதின்னாப்பாளையும் ஈசுரமூலியும் அதே பேரினத்தவைதாம் என்பதை நாம் மறத்தல் கூடாது. நானூறு ஆண்டுகளுக்கு முன் லி ஷிசென் அஞ்சிய அதே பெயர்க் குழப்பம்!

ஆகவே மூலிகை என்றாலே தீங்கற்றது என்று கொள்வதும் தவறு. மூலிகை என்றாலே மூடநம்பிக்கை என்று தள்ளுவதும் தவறு. தொழுநோய், வெண்குட்டம் முதலியவற்றைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதை நம் நாட்டுச் சட்டம் 1954-ஆம் ஆண்டிலேயே தடை செய்திருக்கிறது. சித்த முறையை நாடுவோர்க்கு அரும்பாக்கத்தில் அறிஞர் அண்ணா அரசு இந்திய மருத்துவமனையும், தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனமும் இருக்கின்றன. பெயர் தெரியாத பொடியை வாங்கி உண்பதற்கு மாறாக, கற்ற மருத்துவரிடம் சென்று, இது என்ன வேர், எவ்வளவு நாள், என்ன தீங்கு வரும் என்று கேட்பதே அறிவுடைமை.

அவ்வாறு கேட்பது முன்னோரை அவமதிப்பதாகாது. லி ஷிசென் முன்னோர் நூல்கள் எண்ணூற்றையும் மதித்தார், மதித்ததால்தான் படித்தார், படித்ததால்தான் திருத்தினார். தாவரவியல் பயிலும் மாணவர் ஒரு செடியின் பெயரைச் சரியாக எழுதும்போதும், தமிழ் பயிலும் மாணவர் ஒரு மருத்துவச் சுவடியைப் பிழையின்றிப் படியெடுக்கும்போதும், முகமறியாத ஒரு நோயாளியைக் காக்கின்றனர். மூன்று முறை தேர்வில் தோற்ற ஒருவர் வாழ்நாள் முழுவதும் செய்த தொண்டு அதுவே.